ரேஸ் கோர்ஸ் ஓரத்துக் 'குதிரைக்காரர் கடை': ரொட்டி, தேநீர், ஒரு நீண்ட வழக்கு

நுவரெலியா குதிரைப்பந்தயத் திடலின் வேலியை ஒட்டினாற்போல் ஒரு சிறிய தேநீர்க் கடை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. கடைக்காரப் பெரியவர் இளமையில் குதிரை லாயத்தில் வேலை பார்த்தவர் என்பதால், 'குதிரைக்காரர் கடை' என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள். 1875இல் தொடங்கிய அத்திடலில் ஏப்ரல் பந்தயங்கள் நடக்கும்போது கடையில் நிற்கவும் இடம் இராது. நான் பரிந்துரைப்பது டிசம்பர் மாதத்தை.

ஏனெனில் டிசம்பரில்தான் அந்த வழக்கு நடக்கும். அமெரிக்கக் குதிரைப்பந்தய உலகம் வாக்களித்து ஆண்டுதோறும் வழங்கும் எக்லிப்ஸ் விருதுகளில் ஆண்டின் சிறந்த குறுந்தூர ஓட்டக் குதிரைக்கு உரியது யாருக்குப் போக வேண்டும் என்பதே அந்த வழக்கு. பனி இறங்கும் மாலையில் பழைய குதிரைக்காரர்களும் தோட்டத்து இளைஞர்களும் ஒரே வாங்கில் நெருங்கி உட்கார்ந்து இதைப் பேசுவதைக் கேட்பதற்காகவே நான் மூன்று ஆண்டுகளாக ஹட்டனிலிருந்து பஸ் ஏறுகிறேன்.

முதலில் சாப்பாடு. தேங்காய்ப்பூ சேர்த்துத் தட்டிய ரொட்டி தடிமனாக, ஓரம் கருகாமல் வருகிறது. கட்டச் சம்பலை அம்மியில் அரைக்கிறார்கள். மாசியும் மிளகாயும் ஒன்றையொன்று மறைக்காத பதம். சாயத் தேநீருக்குச் சீனியைக் கலக்காமல் உள்ளங்கையில் கொடுக்கும் பழைய முறை இங்கே இன்னும் இருக்கிறது. உளுந்து வடை மட்டும் மாலையில் ஆறிப்போய் எண்ணெய் குடித்திருந்தது, அதைத் தவிர்க்கலாம்.

கடையின் உண்மையான சிறப்பு பெரியவர் வைத்திருக்கும் ஒரு சட்டம். எவராவது ஒரு குதிரைக்காக வாதாடத் தொடங்கினால், "தம்பி, மொதல்ல ஓட்டத்தைப் பாருங்க, அப்புறம் பேசுங்க" என்று சொல்லிவிட்டு, சுவரில் உள்ள சின்னத் திரையில் அந்தப் பந்தயத்தைப் போட்டுக் காட்டுவார். பணம் கட்டும் பேச்சுக்கு அங்கே இடமில்லை.

சென்ற முறை 2021ஆம் ஆண்டின் வழக்கு மறுபடி எடுக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் கலிபோர்னியாவின் டெல் மார் திடலில், அமெரிக்காவின் பெரிய பந்தய விழாவான பிரீடர்ஸ் கப்பின் குறுந்தூர ஓட்டமாகிய ஸ்பிரிண்டில், ஆறு ஃபர்லோங், அதாவது ஏறத்தாழ 1,200 மீற்றர் தூரத்தில், அலோஹா வெஸ்ட் என்ற குதிரை கடைசி நொடியில் டாக்டர் ஷிவெல் என்ற குதிரையை ஒரு மூக்கு நீளத்தில் முந்தியது. எல்லோரும் வெல்லும் என்று எதிர்பார்த்த ஜாக்கீஸ் வாரியர் ஆறாவதாக வந்தது. ஆயினும் விருது ஜாக்கீஸ் வாரியருக்கே போனது. பெரிய மேடையில் தோற்ற குதிரைக்கு மகுடமா என்று ஓர் இளைஞர் கொதித்தார். பெரியவர் பதில் சொல்லவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் நியூயோர்க் மாநிலத்துச் சரட்டோகா திடலில் நடந்த எச். ஆலன் ஜெர்கின்ஸ் பந்தயத்தைப் போட்டார். நேர்பாதையில் லைஃப் இஸ் குட் தோளோடு தோளாக நெருக்கியபோதும், ஜாக்கீஸ் வாரியர் காதைப் பின்னுக்கு மடித்துக்கொண்டு விட்டுக்கொடுக்காமல் ஓடி ஒரு கழுத்து நீளத்தில் வென்ற அந்த ஓட்டத்தைப் பார்த்த பின் வாங்கில் சற்று நேரம் பேச்சே எழவில்லை.

எனக்கும் அந்தத் தீர்ப்பே சரியென்று படுகிறது. ஒரு நாள் ஓட்டத்தில் வாயிலிலிருந்து புறப்படும் வேகம், வாயிலில் கிடைத்த இடம், மண்ணின் ஈரம் என எத்தனையோ குறுக்கிடும். 1990இல் பெல்மொன்ட் பார்க்கில் நடந்த அதே ஸ்பிரிண்டில் டேஜர் என்ற குதிரை வெற்றிக்கோட்டுக்குச் சற்று முன் தரையில் விழுந்த நிழலைத் தடையென்று நினைத்துத் தாவி, சேஃப்லி கெப்ட் என்ற குதிரையிடம் வெற்றியை இழந்ததே அதற்குச் சாட்சி. அவ்வாண்டு விருது அவ்விரண்டுக்குமே கிடைக்கவில்லை, ஹவுஸ்பஸ்டர் என்ற வேறொரு குதிரைக்குக் கிடைத்தது. 2005இலும் பிரீடர்ஸ் கப்பில் ஏழாவதாக வந்த லொஸ்ட் இன் த ஃபொக், அதற்கு முன் தொடர்ந்து பத்துப் பந்தயங்களை வென்றிருந்ததால் வாக்காளர்களின் மனத்தில் நின்று விருதைப் பெற்றது. ஆனால் டாக்டர் ஷிவெலை ஆதரித்த முதியவர் ஒருவரின் வாதத்தை நான் தள்ளிவிட மாட்டேன்: மூன்று வயதிலேயே தன்னைவிட மூத்த குதிரைகளைப் பிங் கிராஸ்பி பந்தயத்தில் வென்ற குதிரை அது, மூக்கு நீளத்தில் தோற்றதற்காக அதை மறப்பது முறையா என்று அவர் கேட்டபோது குரல் தழுதழுத்தது.

குறைகளும் உண்டு. திரை கைக்குட்டை அளவுதான், பின்வாங்கில் இருப்பவர்களுக்குக் குதிரையின் நிறம்கூடத் தெரியாது. மழை வலுத்தால் கூரை ஓரம் ஒழுகுகிறது. மூவர் வயிறாரச் சாப்பிட்டும் ஆயிரத்து ஐந்நூறு ரூபாயைத் தாண்டவில்லை. விருது ஜனவரியில் அறிவிக்கப்படுவதால், கிறிஸ்துமசுக்கு முந்தைய வாரம் மாலை ஐந்து மணிக்கு முன்பே போய்விடுங்கள்; முன்வாங்கு அதற்குப் பிறகு கிடைக்காது. கம்பளிச் சட்டை எடுத்துச் செல்லுங்கள்.