உடனடிக் கடன் செயலி: கேட்டது 10,000, கைக்கு வருவது 9,410

பான், ஆதார், செல்ஃபி போதும், வேகத்தில் குறையில்லை. வில்லங்கம் கணக்கில்தான். 10,000 ரூபாய்க்குச் செயலாக்கக் கட்டணம் 500, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 90 போக மிச்சம் 9,410. ‘மாதம் 3 சதவீதம்’ கடைசிவரை முழு அசலுக்கும் ஓடுவதால், 3 தவணை, தலா சுமார் 3,633. கூட்டிப் பார்த்தால் ஆண்டு வட்டி 90 சதவீதத்தைத் தாண்டுகிறது. கந்துவட்டிக்காரரே தேவலை!

சம்பளம் 7ஆம் தேதி, தவணை 5ஆம் தேதி என்றால் ஆட்டோ டெபிட் கணக்கில் பணமில்லாமல் திரும்பிவிடும். செயலி ஒரு அபராதம், வங்கி ஒரு அபராதம். அதை அடைக்க இன்னொரு செயலி. இளைஞர்களின் போதாத சம்பளம்தான் இந்த வியாபாரத்தின் முதலீடே.

வேறு வழியில்லை என்றால், கடனுக்கு முன் செயலி காட்ட வேண்டிய முக்கிய விவர அறிக்கையில் ‘ஏபிஆர்’ (கட்டணங்களும் சேர்ந்த ஆண்டு வட்டி விகிதம்) எவ்வளவு என்று பார்த்துவிட்டு ஒப்புதல் கொடுங்கள். போனில் உள்ள தொடர்பு எண்களுக்கு அனுமதி கேட்டால் செயலியையே நீக்கிவிடுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி அதைக் கேட்கவே கூடாது.