சிவிலைசேஷன் 6: எல்லாம் சரி, அந்த ஹரால்டை என்ன செய்வது?

சிவிலைசேஷன் 6 கம்ப்யூட்டர் விளையாட்டு விலை குறைந்திருக்கிறது, வாங்கலாமா என்று வண்ணாரப்பேட்டை நண்பன் கேட்கிறான். மச்சான், நகரம் கட்டுவது, படை நகர்த்துவது எல்லாம் உனக்கே தெரியும். நான் பேசப்போவது நமக்கு எதிராகக் கம்ப்யூட்டரே ஆடும் ராஜாக்களின் ராஜதந்திரத்தைப் பற்றி மட்டும்தான்.

2016-ல் வந்தபோதே ஒவ்வொரு தலைவருக்கும் இரண்டு அஜெண்டா, அதாவது எது பிடிக்கும் எது பிடிக்காது என்ற குணம், கொடுத்தார்கள், ஒன்று வெளிப்படையானது, இன்னொன்று நாமாகக் கண்டுபிடிக்க வேண்டியது. அருமையான யோசனை, மறுக்கவே மாட்டேன். ஆனால் நார்வே ராஜா ஹரால்டு ஹார்ட்ராடாவுக்குப் பெரிய கடற்படை வைத்திருப்பவனைத்தான் பிடிக்கும், இல்லாதவனைக் கண்டாலே ஆகாது. நானோ மலைக்கு நடுவே கடல் எட்டாத இடத்தில் நகரங்களை வைத்துக்கொண்டு, அவர் வம்புக்கே போகாமல் இருக்கிறேன், ஆனாலும் திடீரென்று திரையில் வந்து உன்னிடம் கப்பல் இல்லையே என்று ஏசிவிட்டுப் போகிறார். காசிமேட்டுக்காரனிடம் விசைப்படகு எங்கே என்று கேட்கலாம், வேலூர்க்காரனிடம் கேட்டால் எப்படி? உறவுத் திரையைத் திறந்தால் எது எவ்வளவு கூட்டியது, எது எவ்வளவு குறைத்தது என்று வரிவரியாக இருக்கும். அதில் முதல் சந்திப்பில் உன்மேல் வந்த அபிப்பிராயம் என்று ஒரு வரி வேறு. பார்த்த மாத்திரத்தில் ஒருவனுக்கு நம்மைப் பிடிக்கவில்லையாம், காரணமே கிடையாது!

இதே அஜெண்டா முறை காங்கோ ராஜா முவெம்பா அ ந்ஸிங்காவிடம் அழகாகப் பொருந்துகிறது. அவரால் சொந்தமாக மதம் தொடங்க முடியாது. நீ தொடங்கிய மதத்தை அவர் நகரங்களுக்குக் கொண்டுபோனால் மகிழ்ச்சி, கொண்டுபோகாவிட்டால் கோபம். வரலாற்றில் கிறித்தவத்தை ஏற்றுத் தன் நாட்டில் பரப்பிய அஃபோன்சோ என்ற அரசர் அவர்தான், அதனால் அந்தக் கோபத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. 2019-ல் வந்த கேதரிங் ஸ்டார்ம் என்ற கூடுதல் தொகுப்பும் நிறையச் சரிசெய்தது. அதற்கு முன்பு, நம்மேல் பாய்ந்தவன் ஊரை நாம் பிடித்தாலும் போர்வெறியன் பட்டம் நமக்குத்தான். இப்போது யார் யாருக்கு என்ன கெடுதல் செய்தார்கள் என்று ஆட்டம் கணக்கு வைக்கிறது, அந்தக் கணக்கும் நாளாக ஆகக் குறைகிறது. இருவரும் நட்பு அறிவித்தால் 30 டர்னுக்கு (ஆட்டச் சுற்றுக்கு) ஒருவர்மேல் ஒருவர் போர் தொடுக்க முடியாது, அதுவும் நிம்மதி.

இவ்வளவு சொன்ன பிறகும், தனியாக ஆடத்தான் வாங்குகிறாய் என்றால் வாங்காதே. நேற்று ராத்திரிகூட அந்த ஹரால்டு வந்து ஏசிவிட்டுப் போனார். மீறி வாங்கினால், ஆட்டம் தொடங்கும் முன் அட்வான்ஸ்டு செட்டப் என்ற திரையில் எதிராளிகளை நீயே தேர்ந்தெடு, நார்வேயைச் சேர்க்காதே.