பன்னிரண்டு வயதிலா, பதினைந்து வயதிலா? ஜப்பானியப் பெற்றோர் முன் நிற்கும் இரண்டு நுழைவுத் தேர்வுகள்

ஜப்பானில் பிள்ளை வளர்க்கும் நடுத்தரக் குடும்பம் நுழைவுத் தேர்விலிருந்து தப்பிப்பது அரிது. அதை எந்த வயதில் எழுத வைப்பது என்பதை மட்டும் பெற்றோர் தேர்ந்துகொள்ளலாம். 1947 முதல் அங்கே ஆறாண்டு தொடக்கப் பள்ளி, மூன்றாண்டு நடுநிலைப் பள்ளி, மூன்றாண்டு மேல்நிலைப் பள்ளி என்ற அமைப்பு நடந்துவருகிறது. முதல் ஒன்பதாண்டுகள் கட்டாயக் கல்வி. அரசுப் பள்ளியென்றால் கட்டணமில்லை, பாடநூலுக்கும் காசில்லை. வீட்டிலிருந்து நடந்து போகும் தொலைவில் பள்ளி இருக்கும். அதிலேயே தொடரும் பிள்ளைக்குப் பதினைந்து வயது வரை எந்த நுழைவுத் தேர்வும் கிடையாது.

இருந்தும் தோக்கியோவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பிள்ளை ஆறாம் வகுப்பு முடிந்ததும் அந்த வழியை விட்டு விலகி, தேர்வெழுதித் தனியார் நடுநிலைப் பள்ளிக்குப் போகிறது. புங்க்யோ போன்ற நகர மையப் பகுதிகளில் இந்தப் பங்கு நாற்பது விழுக்காட்டைத் தாண்டும். நாடு முழுவதையும் கணக்கில் எடுத்தால் சுமார் எட்டு விழுக்காடுதான். ஆகவே இது பெருநகரத்தின் கேள்வி, குறிப்பாகத் தோக்கியோவின் கேள்வி. வடக்கே ஒரு சிற்றூரில் வாழும் குடும்பத்துக்கு இந்தக் கவலையே எழாது.

இந்தப் பழக்கத்துக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1960களின் நடுவில் தோக்கியோப் பல்கலைக்கழகத்துக்கு அதிக மாணவர்களை அனுப்பிய பள்ளி, ஹிபியா என்ற அரசு மேல்நிலைப் பள்ளி. ஆண்டுக்கு நூறு பேருக்கு மேல் போனார்கள். போட்டியைத் தணிக்க விரும்பிய தோக்கியோ நிர்வாகம் 1967இல் ஒரு மாற்றம் கொண்டுவந்தது. இரண்டு, மூன்று பள்ளிகளை ஒரு தொகுப்பாக்கி, தொகுப்புக்குத்தான் தேர்வு, எந்தப் பள்ளியில் இடம் என்பதை நிர்வாகம் ஒதுக்கும் என்றது. நோக்கம் நல்லதுதான். ஆனால் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் காத்திருக்கவில்லை, நடுநிலையும் மேல்நிலையும் ஒன்றாக அமைந்த ஆறாண்டுத் தனியார் பள்ளிகளுக்கு நகர்ந்துவிட்டார்கள். போட்டி குறையவில்லை, மூன்று வயது கீழே இறங்கியது. 2002இல் ‘தளர்வான கல்வி’ என்ற பெயரில் அரசுப் பள்ளிப் பாடங்களில் சுமார் முப்பது விழுக்காடு குறைக்கப்பட்டபோது இதே நகர்வு மீண்டும் வேகம் பிடித்தது. பிள்ளைகளின் சுமையைக் குறைக்க எடுத்த இரண்டு முடிவுகளும் சுமையை இளைய தோள்களுக்கு மாற்றியதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் செய்தி.

முதலில் பன்னிரண்டு வயதுத் தேர்வைப் பார்ப்போம். பிப்ரவரி 1 அன்று தோக்கியோவிலும் கனகாவாவிலும் தனியார் பள்ளிகளின் தேர்வுகள் தொடங்கும். சைதாமா, சிபா மாநிலங்களில் ஜனவரியிலேயே தொடங்கிவிடுவதால் பலர் ஒத்திகையாக அங்கேயும் போய் எழுதுவார்கள். அந்த வாரத்தில் ஒரு பிள்ளை நான்கைந்து பள்ளிகளுக்கு எழுதுவது வழக்கம். காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று என்று ஓடுவதும் உண்டு. பிப்ரவரி 1 ஞாயிறாக அமைந்தால் சில புரொட்டஸ்டண்ட் பள்ளிகள் வழிபாட்டை முன்னிட்டுத் தேர்வை மறுநாளுக்குத் தள்ளிவைக்கும். 2015இலும் 2026இலும் பிப்ரவரி 1 ஞாயிறாக வந்தது. வழக்கமாக ஒரே நாளில் மோதும் இரண்டு பெண்கள் பள்ளிகளுக்கும் அப்போது எழுத முடிகிறது என்பதால், அந்த ஆண்டில் ஆறாம் வகுப்பு வரும் பெண்ணின் வீட்டில் பல மாதம் முன்பே கணக்குப் போடத் தொடங்கிவிடுவார்கள்.

பாடங்கள் பொதுவாக நான்கு: ஜப்பானியம், கணக்கு, அறிவியல், சமூகவியல். தொடக்கப் பள்ளிப் பாடநூலை மனப்பாடம் செய்தாலும் இந்தத் தேர்வில் தேற முடியாது. நாரைகளும் ஆமைகளும் சேர்ந்து பத்துத் தலைகள், இருபத்தெட்டுக் கால்கள், ஆமைகள் எத்தனை? நடுநிலைப் பள்ளிப் பிள்ளை இதைச் சமன்பாடு போட்டு முடித்துவிடும். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குச் சமன்பாடு சொல்லித்தரப்படவில்லை. எல்லாமே நாரை என்று வைத்தால் இருபது கால்கள், எட்டு மிச்சம், ஆமைக்கு இரண்டு கால்கள் கூடுதல், ஆகவே நான்கு ஆமைகள் என்று யோசிக்க வேண்டும். இது அழகான சிந்தனை, இதை நேசிக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆனால் பள்ளி இதைத் தேர்வுக்குத் தேவையான ஆழத்தில் கற்றுத்தராது, ‘ஜுகு’ எனப்படும் தனிப்பயிற்சி நிலையம்தான் கற்றுத்தரும். சாப்பிக்ஸ், நிச்சினோகென் போன்ற பெரிய ஜுகுகளில் மூன்றாம் வகுப்பின் பிப்ரவரியிலேயே மூன்றாண்டுப் பயிற்சி தொடங்குகிறது. அப்போது பிள்ளைக்கு ஒன்பது வயதுதான். ஆறாம் வகுப்பில் வாரத்தில் மூன்று, நான்கு மாலைகள் இரவு ஒன்பது மணி வரை வகுப்பு, வார இறுதியில் மாதிரித் தேர்வு. மதிப்பெண்ணைப் பொறுத்து வகுப்பு மாறும், சில ஜுகுகளில் இருக்கையும் மாறும். மூன்றாண்டுச் செலவு பல வீடுகளில் இருபது லட்சம் யென்னைத் தாண்டுகிறது.

இத்தனையும் கொடுத்து என்ன கிடைக்கிறது? ஆறாண்டு காலம். பதினைந்து வயதில் தேர்வு கிடையாது. அசாபு போன்ற பள்ளியில் சீருடை கூடக் கட்டாயமில்லை. கைசெய் பள்ளியின் மே மாத விளையாட்டு விழாவை மாணவர்களே முன்னின்று நடத்துகிறார்கள். பாடம் வேகமாக நகர்வதால் கடைசி ஆண்டைப் பல்கலைக்கழகத் தேர்வுக்கு ஒதுக்க முடிகிறது. பதின்மூன்று வயதுக்குப் பிறகு ஒரு பிள்ளை தன் விருப்பத்தில் ஆழ்ந்துபோக இவ்வளவு இடைவெளி கிடைப்பது அரிது, இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

இனி பதினைந்து வயதுத் தேர்வு. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து படிக்கும் அரசு நடுநிலைப் பள்ளி, மாலையில் விளையாட்டோ இசையோ, மூன்றாம் ஆண்டில் ஜுகு. ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் ஏதாவதொரு மேல்நிலைப் பள்ளியில் சேர்ந்துவிடுகிறார்கள், ஆகவே இடமே கிடைக்காது என்ற பயம் இல்லை. இந்த வழியைச் செலவில்லாதது என்று நினைத்தால் தவறு. 2021ஆம் ஆண்டின் அரசுக் கணக்கெடுப்பின்படி அரசு நடுநிலைப் பள்ளி மாணவர் ஒருவருக்குக் குடும்பம் ஆண்டுக்குச் சுமார் 5.39 லட்சம் யென் செலவிடுகிறது. அதில் 3.69 லட்சம் பள்ளிக்கு வெளியே போகிறது, பெரும்பகுதி ஜுகுவுக்கு. தனியாரில் மொத்தம் 14.36 லட்சம் யென். அங்கேயும் பள்ளிக்கு வெளியே செலவாவது 3.68 லட்சம். இரு தரப்பும் வெளியே கொட்டும் பணம் ஒன்றுதான், வித்தியாசம் முழுவதும் பள்ளிக்கான செலவில் இருக்கிறது.

பணத்தைவிடப் பெரிய வேறுபாடு மதிப்பீட்டில் இருக்கிறது. பன்னிரண்டு வயதுத் தேர்வில் பெரும்பாலும் அன்றைய விடைத்தாள்தான் பேசும். பதினைந்தில் ‘நைஷின்’ எனப்படும் பள்ளி மதிப்பீடும் சேர்ந்துகொள்கிறது. தோக்கியோ அரசு மேல்நிலைப் பள்ளிகளின் பொதுவான கணக்கு ஆயிரத்துக்கு: எழுத்துத் தேர்வுக்கு 700, நைஷினுக்கு 300. ஆங்கிலப் பேச்சுத் தேர்வுக்குத் தனியே 20. நைஷினில் ஒன்பது பாடங்களுக்கும் ஐந்துக்கு எத்தனை என்று ஆசிரியர் தர வேண்டும். ஓவியம், இசை, உடற்கல்வி, தொழில்-மனையியல் ஆகிய நான்கின் தரம் இரட்டிப்பாக எண்ணப்படும். ஓவியத்தில் நான்குக்குப் பதில் மூன்று வாங்கினால் ஆயிரத்தில் ஒன்பது புள்ளிகள் போகும். எழுத்துத் தேர்வில் அதை ஈடுகட்ட ஆறேழு மதிப்பெண் கூடுதலாக எடுக்க வேண்டும். மூன்றாம் ஆண்டில் ஓவிய வகுப்பு வாரத்துக்கு ஒன்றுதான். வாரம் ஒருமுறை மட்டும் பார்க்கும் ஆசிரியரின் கருத்து, ஏறக்குறைய தினமும் கணக்குச் சொல்லித்தரும் ஆசிரியரின் கருத்தைப்போல் இரண்டு மடங்கு எடை பெறுகிறது.

போதாக்குறைக்கு ‘கற்றலில் தானாக முனையும் மனப்பாங்கு’ என்பதும் மதிப்பிடப்படுகிறது. ஆசிரியர்கள் மனப்பாங்கை எப்படி அளப்பார்கள்? ஒப்படைப்புகளை உரிய நாளில் கொடுத்தாயா, குறிப்பேட்டில் என்ன எழுதினாய் என்றெல்லாம் பார்க்க வேண்டியிருக்கிறது. 2018இல் பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி நிறுவனம் எடுத்த கணக்கில் ஜப்பானிய நடுநிலைப் பள்ளி ஆசிரியர் வாரத்துக்கு 56 மணி நேரம் வேலை செய்கிறார், அதில் பங்கேற்ற நாடுகளிலேயே அதிகம். அவ்வளவு களைத்தவரிடம் நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் மனத்தை எடைபோடச் சொல்வது அவருக்கும் அநீதி. கூச்ச சுபாவமுள்ள பிள்ளை, தாளைத் தொலைத்துவிடும் பிள்ளை, ஆசிரியரை எதிர்த்துக் கேள்வி கேட்கும் பிள்ளை, எல்லாரும் இங்கே நாள்தோறும் கண்காணிப்பை உணர்கிறார்கள். எந்த ஆண்டின் தரம் எண்ணப்படும் என்பதும் ஊருக்கு ஊர் மாறும். தோக்கியோவில் மூன்றாம் ஆண்டு மட்டும், கனகாவாவில் இரண்டும் மூன்றும், ஒசாகாவில் மூன்றாண்டுகளும். ஒசாகாவில் பதின்மூன்று வயதில் தடுமாறும் பிள்ளைக்கு அந்தத் தடுமாற்றம் பதினைந்து வயது வரை கணக்கில் நிற்கிறது.

பள்ளிக்கு வராமல் இருந்துவிட்டால் நிலைமை இன்னும் கடினம். 2023 கல்வியாண்டில் நோய், வறுமை தவிர்த்த காரணங்களால் முப்பது நாளோ அதற்கு மேலோ வராத தொடக்க, நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் 3,46,482 பேர். இவர்களில் 2,16,112 பேர் நடுநிலைப் பள்ளியினர், அதாவது ஏறக்குறைய பதினைந்து பேரில் ஒருவர். இதற்கு நைஷின்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் திரும்பி வர விரும்பும் பிள்ளையின் முன் பாடங்களுக்குத் தரமே இடப்படாத ஒரு மதிப்பீட்டுப் பட்டியல் நிற்கும்போது கதவு கனத்துவிடுகிறது.

அப்படியென்றால் பன்னிரண்டே மேல் என்று சொல்லிவிடலாமா? எனக்கு ஒப்பவில்லை. முதல் காரணம் பிறந்த மாதம். ஜப்பானில் ஏப்ரல் 2 அன்று பிறந்த பிள்ளையும் மறு ஆண்டு ஏப்ரல் 1 அன்று பிறந்த பிள்ளையும் ஒரே வகுப்பு. ஏறக்குறைய ஓராண்டு வித்தியாசம். பயிற்சி தொடங்கும் ஒன்பது வயதில் ஓராண்டு என்பது வாழ்நாளில் ஒன்பதில் ஒரு பங்கு. மார்ச்சில் பிறந்த பிள்ளை மெதுவாகப் புரிந்துகொள்வதைத் திறமைக் குறைவென்று வகுப்புப் பட்டியல் சொல்கிறது, பிள்ளையும் நம்பிவிடுகிறது. பதினைந்தில் இந்த இடைவெளி பெருமளவு சுருங்கிவிடும்.

இரண்டாவது, தேர்வு யாருடையது என்பது. ஒன்பது வயதுப் பிள்ளை தானாக ஜுகு தேடிப் போவதில்லை. அட்டவணை போடுவது, குவியும் தாள்களை அடுக்குவது, இரவு உணவைக் கட்டிக்கொடுப்பது, தவறிய கணக்கைத் திரும்பச் செய்ய வைப்பது எல்லாம் பெற்றோர், பெரும்பாலும் தாய். மதிப்பெண் குறையும்போது வீட்டில் எழும் கோபம் எல்லை மீறுவதைக் குறிக்க ‘கல்வி வன்முறை’ என்ற சொல்லே ஜப்பானிய மொழியில் வழங்குகிறது. பதினைந்து வயதுப் பிள்ளை தனக்கு எது வேண்டும் என்று ஓரளவு அறிந்து, தானே பள்ளிகளைப் போய்ப் பார்த்துத் தேர்வெழுதுகிறது. தோற்றாலும் அது அந்தப் பிள்ளையின் தோல்வியாக இருக்கும், பெற்றோரை ஏமாற்றிவிட்டோம் என்ற குற்றவுணர்வாக மாறும் வாய்ப்பு குறைவு.

இடையில் மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது. 1999 முதல் அரசே ஆறாண்டு ஒருங்கிணைந்த பள்ளிகளை நடத்துகிறது. தோக்கியோவில் 2005இல் ஹகுஓ, 2006இல் கொய்ஷிகாவா எனத் தொடங்கி இப்போது பத்துப் பள்ளிகள். இவற்றில் பாடத் தேர்வு நடத்தச் சட்டம் அனுமதிக்கவில்லை. ‘தகுதி ஆய்வு’ என்ற பெயரில் வரைபடங்களைப் படித்துக் காரணம் எழுதும் வினாக்கள் வருகின்றன, தொடக்கப் பள்ளி அறிக்கையும் சேர்க்கப்படுகிறது. நடுநிலை வகுப்புகளுக்குக் கட்டணமில்லை. ஓரிடத்துக்கு நான்கு பேர் அளவில் போட்டி. நல்ல ஏற்பாடுதான், இடங்கள் மிகக் குறைவு. இதற்கும் இப்போது ஜுகுகள் தனி வகுப்பு வைத்துவிட்டன.

என் தீர்ப்பு இது: தோக்கியோவில் சராசரி வசதியும் சராசரி ஆர்வமும் உள்ள குடும்பம் பதினைந்து வயதுத் தேர்வையே முதல் எண்ணமாக வைத்துக்கொள்ளட்டும். நல்ல மேல்நிலைப் பள்ளிகளின் கதவு அப்போதும் மூடியிருக்காது. பல்கலைக்கழக நுழைவுக்குச் சிறப்புக் கவனம் தரும் பள்ளியாக 2001இல் தோக்கியோ நிர்வாகம் தேர்ந்த ஹிபியா இன்று மீண்டும் அரசுப் பள்ளிகளில் முன்னணியில் நிற்கிறது. தனியார் பக்கத்தில் தோஷிமகாவோகா பெண்கள் பள்ளி 2022 முதல் மேல்நிலைச் சேர்க்கையை நிறுத்திக்கொண்டது, இதைப்போலச் சில வாசல்கள் குறைந்துவருவது உண்மை. இருந்தாலும் மிச்சமுள்ளவை போதும்.

இரண்டு வகைப் பிள்ளைகளுக்கு மட்டும் பன்னிரண்டை நான் பரிந்துரைப்பேன். நாரை, ஆமைக் கணக்கைச் சாப்பாட்டு நேரத்திலும் விடாமல் யோசிக்கும் பிள்ளை ஒன்று; அதற்கு ஜுகு வகுப்பறை மகிழ்ச்சியான இடம். மற்றது, அறிவு இருந்தும் நைஷினில் அடிபடக்கூடிய பிள்ளை: ஓட்டத்தில் கடைசி, ஒப்படைப்பை மறப்பவன், கையுயர்த்த அஞ்சுபவள். இந்தப் பிள்ளைகளின் பெற்றோர் பலர் பெருமைக்காக அல்லாமல் பாதுகாப்புக்காகவே தனியார் பள்ளியைத் தேடுகிறார்கள். அவர்களைப் பேராசைக்காரர்கள் என்று பேசுவதை நிறுத்த வேண்டும்.

அப்படித் தொடங்குகிறவர்களும் ஐந்தாம் வகுப்புக் கோடையில் ஒருமுறை பிள்ளையிடம் நேராகக் கேட்க வேண்டும், தொடரலாமா என்று. பாடச்சுமை அதற்குப் பிறகுதான் மும்முரமாகிறது, செலவின் பெரும்பகுதியும் ஆறாம் வகுப்பில்தான் வரும். அந்தக் கட்டத்தில் விலகினால் படித்தது வீண்போகாது, அரசு நடுநிலைப் பள்ளியில் அந்தப் பிள்ளை கணக்கிலும் ஜப்பானியத்திலும் முன்னால் நிற்கும். பிள்ளை வேண்டாம் என்றால் அதை ஏற்றுக்கொள்ளும் துணிவு பெற்றோருக்கு இருக்கிறதா என்பதை மூன்றாம் வகுப்பின் பிப்ரவரியில், முதல் மாதக் கட்டணம் கட்டும் முன்பே பேசி முடிவு செய்துகொள்வது நல்லது.