டெட்பேண்டைக் கூட்டிவிட்டால் ரிப்பேர் ஆகிவிடுமா?

இந்த முறை ஊருக்குப் போனதில் மனதில் தங்கியது அண்ணனுடைய சிஎம்எம்மின் (பாகங்களைத் தொட்டு அளவெடுக்கும் மெஷின்) ஜாய்ஸ்டிக்தான். குச்சியிலிருந்து கையை எடுத்த பிறகும் எக்ஸ் அச்சில், தொட்டு அளக்கும் புரோப் ஊர்ந்துகொண்டே இருந்தது. துளைக்குள் அதன் ரூபி முனையை இறக்கிவிட்டு நிமிர்வதற்குள் அது சுவரைத் தொட்டு, யாரும் கேட்காத ஒரு புள்ளியை எடுத்துவிடும்.

சர்வீஸ் கம்பெனியிலிருந்து வந்தவர் ஜாய்ஸ்டிக் பெட்டியைத் திறக்கவே இல்லை. லேப்டாப்பை மாட்டி, கன்ட்ரோலரில் டெட்பேண்டை, அதாவது குச்சியின் சின்ன அசைவைக் கண்டுகொள்ளாமல் விடும் எல்லையைக் கூட்டிவிட்டு, "சரியாயிடுச்சு மேடம்" என்றார். ஊர்வது நின்றது உண்மைதான். ஆனால் குச்சியை லேசாகச் சாய்த்தால் அசைவே இல்லை, இன்னும் சாய்த்தால் திடுக்கென்று கிளம்புகிறது. மெல்ல நெருங்கித் தொட வேண்டிய வேலைக்கு அது எப்படி உதவும்? கேட்டதும், "அப்ப முழு பாக்ஸையும் மாத்தணும், உள்ள இருக்கறது தனியா வராது" என்றார். நான் வேலை பார்க்கும் நாட்டிலும் இதே பதில்தான். ஆனால் அங்கே மாற்றுப் பெட்டியைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் பழையதைக் கேட்பார்கள். இங்கே எப்போது வரும் என்றால் பதிலே இல்லை. பழுது பார்க்கும் பழக்கத்தைக் கைவிட்டாயிற்று, அங்குள்ள ஒழுங்கும் வந்தபாடில்லை. முன்பெல்லாம் நம்மூரில் மெஷின் நின்றால் முதலில் ஸ்க்ரூடிரைவர்தானே வெளியே வரும்!

அண்ணன் ஓய்வுபெற்ற எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் ஒருவரை அழைத்துவந்தார். அவர் கேட்ட முதல் கேள்வியிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. "ஏம்மா, எப்பவும் ஊருதா, இல்ல கேபிளை ஆட்டினா மாறுதா?" பெட்டிக்குள் கேபிள் நுழையும் இடத்தில் ஒயர் உள்ளுக்குள் அறுந்திருந்தாலும் இதே தொல்லைதான் வரும். கேபிளில் குறையில்லை. எமர்ஜென்சி ஸ்டாப்பை அழுத்திவிட்டுப் பெட்டியைத் திறந்து மீட்டரை வைத்தார். குச்சி சாயும் அளவை வோல்டேஜாக மாற்றுவது உள்ளே அச்சுக்கு ஒன்றாக இருக்கும் பாட், அதாவது பொட்டென்ஷியோமீட்டர். 5 வோல்ட் சப்ளையில் குச்சி நடுவில் நிற்கும்போது 2.5 வர வேண்டும். ஒய் சரியாகவே காட்டியது. எக்ஸ், விடும்போதெல்லாம் வெவ்வேறு எண்ணில் நின்றது.

அது குச்சியை நடுவுக்குக் கொண்டுவரும் ஸ்பிரிங்கின் தளர்ச்சியாகவும் இருக்கலாமே என்று கேட்டேன். பவரை நிறுத்தி, இணைப்பைக் கழற்றி, பழைய முள் மீட்டரை எடுத்தார். டிஜிட்டல் மீட்டர் தவறவிடும் சின்னத் துள்ளலை முள் காட்டிக்கொடுத்துவிடும். குச்சியை மெல்லச் சாய்க்கச் சாய்க்க, நடுப்பகுதியைக் கடக்கும் இடத்தில் மட்டும் முள் குதித்தது. எந்தப் பக்கம் போனாலும், பாட்டின் கார்பன் தடத்தில் உரசிச் செல்லும் வைப்பர் அங்கிருந்துதானே கிளம்புகிறது, அதனால் கார்பன் அங்கேதான் முதலில் தேய்கிறது. கிளீனர் அடித்துப் பார்க்கலாமா என்றார் அண்ணன். "அழுக்கா இருந்தா கழுவலாம், தேஞ்சதைக் கழுவி என்ன ஆகப்போகுது?"

புது பாட் தேடுவதில்தான் அவருடைய அனுபவம் தெரிந்தது. மின்தடையின் கிலோ ஓம் ஒத்துப்போனால் மட்டும் போதாது. சாதாரண வால்யூம் பாட்டுக்கு முழு மதிப்பும் மாற ஏறத்தாழ 270 டிகிரி சுற்ற வேண்டும். ஜாய்ஸ்டிக் குச்சியோ ஒரு பக்கத்துக்குச் சில பத்து டிகிரிதான் சாயும். ஆகவே அதைப் போட்டால் முழுக்கச் சாய்த்தாலும் முழு வேகம் கிடைக்காது. ஒதுக்கிப் போட்ட ஒரு பெட்டியிலிருந்து தேயாத ஜாய்ஸ்டிக் பாட்டை எடுத்துவந்தார். உரசாமல் காந்தத்தைக் கொண்டு அசைவை உணரும் ஹால் சென்சார் போடலாமே என்றதற்கு, அதன் வோல்டேஜ் எல்லை கன்ட்ரோலர் எதிர்பார்ப்பதோடு பொருந்தினால்தான் தொடுவேன் என்றார். சரியான பதில்.

சால்டர் வைத்தபின் ஒவ்வொரு ஒயரையும் இழுத்துப் பார்த்தார். பாட்டின் ஒரு முனை விட்டுப்போனால் வைப்பர் மறுமுனையின் வோல்டேஜுக்கே போய்விடும். குச்சி முழுக்கச் சாய்ந்திருப்பதாகக் கன்ட்ரோலர் எடுத்துக்கொண்டால் புரோபைச் சுமக்கும் பிரிட்ஜ் முழு வேகத்தில் பாயும். பிறகு பாட்டின் உடலைத் திருப்பி 2.5-இல் நிறுத்தி ஸ்க்ரூவை இறுக்கினார். கூட்டிவைத்த டெட்பேண்டைப் பழைய அளவுக்கே இறக்கச் சொன்னார். மேசையைக் காலி செய்து, குறைந்த வேகத்தில் ஒவ்வொரு அச்சையும் இரு பக்கமும் ஓட்டிப் பார்த்தோம். அளவைச் சொல்வது மெஷினின் அச்சுகளில் இருக்கும் ஸ்கேல்தான், ஜாய்ஸ்டிக் அல்ல. ஆனாலும் அளவு முன்பே தெரிந்த ரெஃபரன்ஸ் பந்தை ஒருமுறை அளந்து காட்டச் சொன்னார்.

பழைய வோல்டேஜ், புது வோல்டேஜ் இரண்டையும் ஒரு தாளில் எழுதி மூடியின் உட்புறம் ஒட்டினார். நான் வாங்கும் சர்வீஸ் ரிப்போர்ட்டுகளில் இந்த இரண்டு எண்களும் இருந்ததே இல்லை. பெட்டியை மாற்றச் சொல்லி யார் வந்தாலும், நடு வோல்டேஜ் எவ்வளவு என்று முதலில் கேளுங்கள். ஒய் பக்க ஸ்பிரிங் லேசாகத் தளர ஆரம்பித்திருக்கிறதாம், அதை அவ்வப்போது அளந்து அந்தத் தாளிலேயே குறித்துவரும்படி அண்ணனிடம் சொல்லியிருக்கிறார்.