தட்டிக் கேட்பதா, அபராதமா, வீடியோவா?

பொது இடத்தில் ஒருவர் மட்டுமரியாதை இல்லாமல் நடந்துகொண்டால் என்ன செய்வது என்று வேலூரில் நாலு பேரைக் கேளுங்கள். "நமக்கெதுக்கு வம்பு" என்பார் ஒருவர். மூஞ்சிக்கு நேரே கேட்டுவிட வேண்டும் என்பார் இன்னொருவர். ஃபைன் போட்டால்தான் அடங்குவார்கள் என்பார் அடுத்தவர். காலேஜ் படிக்கிற பையனாக இருந்தால் பதில் சொல்லாமல் செல்போனை எடுத்துக் காட்டுவான்.

இந்த ஊரில் இது கொஞ்சம் சிக்கலான கேள்வி. 1900இல் ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்கப் பெண் டாக்டர் சிறியதாகத் தொடங்கிய மருத்துவமனை இன்றைக்கு சி.எம்.சி.யாக நின்று, மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு, பங்களாதேஷ் வரை நோயாளிகளை வரவழைக்கிறது. அப்புறம் வி.ஐ.டி. மாணவர்கள், சித்தூர் பக்கத்திலிருந்து வருகிறவர்கள், காட்பாடியில் ரயில் மாறுகிறவர்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பவர் யார் எவர் என்று தெரியாது. கிராமத்தில் "நீ இன்னார் மவன்தானே?" என்ற ஒரு கேள்வியில் அடங்கிவிடுகிற சேட்டை, இங்கே அப்படி அடங்காது.

கண்டுகொள்ளாமல் விடுவதை முதலில் பார்த்துவிடலாம். அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. நாம் மரியாதைக் குறைவு என்று நினைப்பதில் பாதி அப்படி இருப்பதில்லை. இந்தப் பக்கத்து வடாற்காட்டுப் பேச்சையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவரைப் பார்த்து "இன்னாபா" என்று கேட்டால் கோயம்புத்தூர்க்காரருக்குச் சுருக்கென்று இருக்கும், சொன்னவர் மனதில் ஒன்றும் இருக்காது. மருந்துக்கடையில் இடையில் புகுந்து நிற்கும் வெளிமாநிலத்துக்காரருக்கு வரிசை எங்கே முடிகிறது என்றே தெரியாமல் இருக்கலாம். இதையெல்லாம் விட்டுவிடலாம். ஆனால் குழந்தை பக்கத்தில் சிகரெட் பிடிப்பவரையும், தனியாக நிற்கும் பெண்ணிடம் வாய் நீட்டுபவரையும் கண்டும் காணாமல் போனால், நாம் அனுமதி கொடுத்துவிட்டதாகத்தான் அவர் எடுத்துக்கொள்வார்.

சரி, அபராதம்? சட்டத்துக்குப் பஞ்சமே இல்லை. பொது இடத்தில் புகைபிடித்தால் 200 ரூபாய் வரை அபராதம் விதிக்க 2003ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் இருக்கிறது. எச்சில் துப்புவதையும் சேர்த்துத் தடுக்கத் தமிழ்நாடு 2002லேயே தனிச் சட்டம் போட்டுவிட்டது. மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதிப் பகுதியாக அறிவிக்கலாம் என்கின்றன 2000ஆம் ஆண்டின் ஒலி விதிகள். தேவையில்லாமல் ஹாரன் அடித்தால் முதல் தடவை 1,000 ரூபாய், அடுத்த தடவை 2,000 என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்த்தார்கள். இப்போது சி.எம்.சி. வாசலில் ஓடும் ஐடா ஸ்கடர் சாலையில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். ஆட்டோக்காரர் ஹாரனில் வைத்த கையை எடுக்க மாட்டார். அவருக்குப் பின்னால் நிற்கும் கார்க்காரரும் அப்படித்தான்.

குடித்துவிட்டுப் பொது இடத்தில் தகராறு செய்பவர் கதை இன்னும் வேடிக்கை. 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்தில் இதற்கு 24 மணி நேரச் சிறை அல்லது 10 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அன்றைக்கு 10 ரூபாய் பெரிய தொகை. அதே 10 ரூபாய் 2024 ஜூன் வரை சட்டப் புத்தகத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தது! ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா அதை 1,000 ஆக்கி, சமூக சேவையையும் ஒரு தண்டனையாகச் சேர்த்திருக்கிறது. எனக்கு இதில் பிடித்தது அந்தச் சமூக சேவைதான். போதையில் பஸ் ஸ்டாண்டை நாறடித்தவர் தெளிந்த பிறகு வந்து அதே இடத்தைக் கூட்டட்டும்.

அபராதத்தின் பலவீனம் தொகையில் இல்லை. பிடிப்பதற்கு அந்த இடத்தில் ஓர் ஆள் வேண்டும். ஹெல்மெட் போடாதவரை கிரீன் சர்க்கிள் சந்திப்பில் நிறுத்தலாம். ஓடுகிற பஸ்ஸில் முன்சீட்டின் மேல் காலைத் தூக்கி வைப்பவரை யார் நிறுத்துவது? அதோடு வரிசையில் முந்துவதற்கும் சத்தமாகப் பேசுவதற்கும் தனித்தனிச் சட்டம் கேட்பது நல்லதும் அல்ல. அப்படிச் சட்டம் வந்தால் முதலில் மாட்டுவது பிளாட்பாரத்தில் கடை போட்டவராகத்தான் இருக்கும்.

வீடியோ எடுத்துப் போடுவதை நான் கடைசி இடத்தில்தான் வைப்பேன். முப்பது விநாடித் துண்டில் கத்துவது மட்டும்தான் தெரியும். கவுண்டரில் கத்திய அந்த மனிதர் காலையிலிருந்து எத்தனை ஜன்னலுக்கு அலைந்தார், வார்டில் அவருக்கு யார் கிடக்கிறார்கள் என்பதெல்லாம் தெரியாது. அபராதத்துக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு, ஊர் சிரிப்பதற்கு அது கிடையாது. அவருடைய மகள் பள்ளிக்கூடத்தில் பதில் சொல்ல வேண்டிவரும். ஒரு விதிவிலக்கு இருக்கிறது. பெண்ணைச் சீண்டுவது, அடிதடி, சீருடையில் இருப்பவரின் அத்துமீறல் இவற்றைப் பதிவு செய்யத்தான் வேண்டும். ஆனால் அது புகாரோடு போக வேண்டிய சாட்சி, ஸ்டேட்டஸில் வைக்கிற விஷயம் கிடையாது. அந்த நேரத்தில் 112க்கோ பெண்கள் உதவி எண் 181க்கோ முதலில் போன் போட வேண்டும்.

மிச்சமிருப்பது நேரில் கேட்பது. இதில் யார் கேட்கிறார் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. காட்பாடியிலிருந்து பாகாயம் போகும் டவுன் பஸ்ஸில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பையன் போனில் சத்தமாக வீடியோ ஓடவிட்டு வந்தான். பக்கத்தில் மடியில் பெரிய ஸ்கேன் கவரோடு ஒருவர் நெற்றியைப் பிடித்தபடி இருந்தார். கொஞ்சம் குறைக்கும்படி சைகை காட்டினார். பையன் "இன்னா இப்போ?" என்று முறைத்து, சத்தத்தை ஒரு படி ஏற்றினான். இரண்டு சீட் தள்ளி இருந்த பூக்கூடை அம்மா குரல் கொடுத்தார்: "கண்ணு, அவரு ஆஸ்பத்திரிக்குப் போறாரு பாவம். தல நோவுதுன்னு உக்காந்துகினு இருக்காரு. கம்மி பண்ணுப்பா." பையன் ஒன்றும் பேசாமல் சட்டைப் பையிலிருந்து ஹெட்செட்டை எடுத்து மாட்டிக்கொண்டான். அவ்வளவு நேரமும் அது பையிலேயேதான் இருந்திருக்கிறது.

பாதிக்கப்பட்டவரே கேட்டால் அது இரண்டு பேருக்கு நடுவில் வரும் போட்டி. அடங்கினால் தோற்ற மாதிரி ஆகிவிடும். மூன்றாவது ஆள் கேட்டால் தோற்பதற்கு எதிராளி கிடையாது. அந்த அம்மா தனக்காகக் கேட்கவில்லை, காரணத்தையும் சொன்னார், "கண்ணு" என்று கூப்பிட்டு அவன் கௌரவமாக இறங்கி வர வழியும் விட்டார்.

இது எல்லாருக்கும் ஒரே மாதிரி வாய்க்காது என்பதும் உண்மை. இதையே ஓர் இளம்பெண் சொல்லியிருந்தால் வேறு பதில் வந்திருக்கும். ஊர்ப்பக்கத்து டீக்கடையில் யார் யாரைக் கேட்கலாம் என்பதை இன்னமும் சாதி தீர்மானிக்கிற இடங்கள் உண்டு. குடித்திருப்பவரிடமும் இது செல்லாது. அதனால் கேட்டால் நஷ்டம் குறைவாக இருப்பவர்கள்தான் முதலில் வாயைத் திறக்க வேண்டும். என்னைப் போன்ற நடுவயது ஆண்களைச் சொல்கிறேன். அந்த பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தவர்களில் பெரும்பாலோர் நாங்கள்தான்.

இதற்கெல்லாம் முன்னால் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, அதை யாரும் நடத்தை விஷயமாக நினைப்பதில்லை. டோக்கன். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் புதிய பஸ் நிலையத்தில் பெங்களூர் பஸ்ஸில் ஜன்னல் வழியே பையைப் போட்டு இடம் பிடிக்கும் அதே ஆள், ரிசர்வேஷன் செய்திருந்தால் அமைதியாக வந்து ஏறுகிறார். நம்பர் கூப்பிடுகிற கவுண்டரில் முழங்கைக்கு வேலையே இல்லை. இடம் கிடைக்காதோ என்ற பயத்தில் வரும் முரட்டுத்தனத்துக்கு அபராதமும் வேண்டாம், அறிவுரையும் வேண்டாம். ஆனால் எச்சில் துப்புகிறவரை எந்த டோக்கனும் திருத்தாது.

டோக்கன் இல்லாத இடத்தில் வரிசையைக் காப்பாற்றுவதும் மூன்றாவது ஆள்தான். இந்தி தெரியாது என்பதைச் சாக்காகச் சொல்ல வேண்டாம். "பையா (அண்ணே), லைன்" என்று வரிசையின் வால் பக்கம் கை காட்டினால் பெரும்பாலும் போய் நின்றுவிடுகிறார்கள். நகராதவர் இருந்தால் வாசலில் இருக்கும் செக்யூரிட்டியைக் கூப்பிடலாம்.