காற்றாலை ஜெனரேட்டரின் சூடு: சென்சாரா, தெர்மல் கேமராவா?

பணகுடி, வள்ளியூர் பக்கம் காற்றாலைப் பராமரிப்பில் இருக்கிறேன். ஜெனரேட்டர் சூட்டைப் பார்க்க எங்களிடம் இரண்டு வழி: வைண்டிங்குக்குள் (செம்புக் கம்பிச் சுருளுக்குள்) புதைத்த பி.டி.100 சென்சார், கையில் பிடிக்கும் தெர்மல் கேமரா. பல சீசனாக இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன.

என் ஓட்டு சென்சாருக்குத்தான். சூடு ஏற ஏற மின்தடை கூடும், 0 டிகிரியில் 100 ஓம், 100 டிகிரியில் 138.5 ஓம், இவ்வளவுதான் அதன் கணக்கு. தொல்லையெல்லாம் வயரில். இரண்டு வயர் இணைப்பில் வயரின் தடையே 1 ஓம் இருந்தால் திரையில் இரண்டரை டிகிரி கூடத் தெரியும். மூன்று வயர் போட்டால் அது தீரும். டெர்மினல் லூஸானால் வேறு கதை. ஒரு தடவை மூன்று ஃபேஸில் (மூன்று தனி வைண்டிங்கில்) ஒன்றின் சூடு மட்டும் திரையில் திடீரென எகிற, கூட வந்த தம்பி "வைண்டிங் போச்சு அண்ணாச்சி"ன்னு பதறிட்டான். அவ்வளவு செம்பும் இரும்பும் ஒரு நொடியில் இருபது டிகிரி ஏறி இறங்காது, முதலில் ஸ்க்ரூடிரைவரை எடுலே என்றேன்.

அலாரம் அடிக்கட்டும் என்று காத்திருப்பது எனக்கு ஒப்பாது. வைண்டிங் கம்பியை மூடியிருக்கும் எஃப் கிளாஸ் இன்சுலேஷனுக்கு (மின்காப்புக்கு) 155 டிகிரி எல்லை. ஆனால் ஒவ்வொரு பத்து டிகிரி கூடும்போதும் அதன் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது பழைய கணக்கு. அதனால் வைண்டிங் சூட்டில் வெளிக்காற்றின் சூட்டைக் கழித்து, அப்போதைய லோடையும் பக்கத்தில் எழுதி வைக்கிறேன். ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று முழு லோடில் ஓட்டும்போது 95 டிகிரி வந்தால் கவலையில்லை. அதே 95 பாதி லோடில் வந்தால் விடமாட்டேன். கரண்ட் பத்து சதவீதம் கூடினாலே செம்பில் சூடு 21 சதவீதம் கூடும். லோடு தெரியாத எண்ணை வைத்து என்ன செய்ய? மூன்று ஃபேஸும் சேர்ந்து வாரக்கணக்கில் மெல்ல ஏறினால் பெரும்பாலும் கூலரில் புழுதியும் பூச்சியும் அடைத்திருக்கும், இல்லையென்றால் ஃபேன். ஒன்று மட்டும் ஏறினால் அந்த வைண்டிங்கையோ சென்சாரையோ பார்க்க வேண்டும்.



கேமராவுக்குத் தோல் மட்டும்தான் தெரியும், வைண்டிங் தெரியாது. பளபளக்கும் செம்பு லக் (கேபிள் முனையில் மாட்டும் இணைப்புத் துண்டு) கொதித்தாலும் அதில் ஆறினதுபோலக் காட்டும். கறுப்பு டேப் ஒட்டிப் பார்த்தால்தான் உண்மை வரும். இன்னொரு சங்கடம், பலத்த காற்றில் மேலே ஏற அனுமதி இல்லை, காற்று இல்லாத நாளில் எந்திரத்தில் சூடே இல்லை. நிறுத்திவிட்டு ஏணியேறிப் போவதற்குள் லக் ஆறிவிடுகிறது. ஆகவே டவர் அடியில் இருக்கும் பேனல், கேபிள் ஜாயிண்டுக்குத்தான் கேமரா உண்மையில் உதவுகிறது. அங்கே லோடு ஓடும்போதே பார்க்கலாம், லூஸ் ஜாயிண்ட் பளிச்சென்று தெரியும்.

பத்து எந்திரத்துக்கு ஒரு கேமரா போதும். சென்சார் அப்படியில்லை, உள்ளே செத்துப்போனால் ரீவைண்டிங் வரை மாற்ற வழியில்லை. ஃபேஸுக்கு ஒரு உபரி சென்சார் புதைத்திருக்கிறதா என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.