"அப்பீல் முழுப் பொறுப்பு" என்று போர்டு வைத்த கடையில் 14,500 ரூபாய் போச்சு, உஷார்

வடசென்னையில் சொந்த வீடு வைத்திருப்பவர்கள், அதிலும் சொத்து வரி மறுமதிப்பீட்டு நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடம் போவது என்று யோசிப்பவர்கள், இதைப் படித்துவிட்டுப் போங்கள். எனக்கே இன்று மதியம்தான் விஷயம் தெரிந்தது. கோபத்தில் எழுதுகிறேன், கோர்வையாக வராது. அடுத்தவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

வீடு அம்மா பெயரில் இருக்கிறது. கீழே முன்னறையை ஒரு அக்காவுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். இரண்டு தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறார். அளக்க வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டுக் கீழ்த்தளம் மொத்தத்தையும் வணிகக் கட்டடம் என்று எழுதிக்கொண்டு போனார்கள். மாடியில் துணி காயப்போடும் தகர ஷெட்டும் பரப்பளவில் சேர்ந்துவிட்டது. 2022 ஏப்ரலில் வரியை ஏற்றியபோது பழைய சென்னைப் பகுதியில் 600 சதுர அடி வரையிலான வீடுகளுக்கு 50 சதவீதம், 601 முதல் 1,200 வரை 75 சதவீதம். வணிகக் கட்டடத்துக்கு 150. ஒரு வீட்டை அந்தப் பட்டியலிலிருந்து இந்தப் பட்டியலுக்குத் தூக்கிப் போட்டால் என்ன ஆகும்? அரையாண்டுக்கு 1,480 கட்டிக்கொண்டிருந்த எங்களுக்கு 5,900 வந்தது.

ஆட்சேபம் இருந்தால் எந்தத் தேதிக்குள் மனு கொடுக்க வேண்டும் என்று நோட்டீஸிலேயே இருந்தது. நான் ஷிப்டு வேலைக்குப் போகிறவன். கொருக்குப்பேட்டை கேட் போட்டுவிட்டால் கூட்ஸ் வண்டி போய் முடியும்வரை நின்றுதான் ஆக வேண்டும். ஆபீஸ் நேரத்தில் மண்டல அலுவலகம் போய்வருவது என்றால் ஒரு நாள் சம்பளம் போய்விடும். அப்போதுதான் அந்தக் கடை கண்ணில் பட்டது.

பெயர் போடவில்லை. அலுவலகத்துக்குப் போகிற வழியில் இருக்கும் ஆன்லைன் சேவைக் கடை, அவ்வளவு போதும். ஜெராக்ஸ், பான் கார்டு, பிறப்புச் சான்றிதழ், பட்டா என்று போர்டு முழுக்க எழுதி, கடைசி வரியில் "மாநகராட்சி அப்பீல், ஹியரிங் - முழுப் பொறுப்பு".

அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். கடைக்காரர் உட்கார நாற்காலி போட்டார், டீ சொன்னார். நோட்டீஸை வாங்கி மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அம்மா, இது அளவே தப்பும்மா. ஷெட்டைச் சேர்த்திருக்காங்க பாருங்க" என்றார். நாங்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே அவரே கண்டுபிடித்துச் சொன்னார். அலமாரியிலிருந்து தடியான ஃபைல் ஒன்றை எடுத்துப் போட்டு, இதெல்லாம் நம்ம ஏரியா கேஸ்தான், எல்லாம் குறைச்சு வாங்கிக் கொடுத்தது என்றார். "நீங்க ஆபீஸ் வாசப்படியே மிதிக்க வேணாம்ணே. நோட்டீஸ், தேதி, ஹியரிங் எல்லாம் நான் பாத்துக்கிறேன்." அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, சரி, கொடுத்துடுப்பா என்றார். சீட்டு எடுத்து வைத்திருந்த பணம் அது. 10,000 முன்பணம் ஜிபேயில் போனது, யாரோ ஒரு பெண் பெயரில் உள்ள கணக்குக்கு. மனு கொடுத்ததும் மீதி 4,500. மொத்தம் 14,500.

மனுவைக் கொடுத்தார், அதில் பொய்யில்லை. அலுவலக முத்திரையும் தேதியும் போட்ட நகல் வாட்ஸாப்பில் வந்தது. கெடு முடிய இன்னும் நாள் இருந்தது. அதனாலேயே அதற்குப் பிறகு அவர் சொன்னதையெல்லாம் நம்பினோம். போலி ரசீது கொடுக்கிறவனாக இருந்தால் முதல் வாரத்திலேயே பிடித்திருக்கலாம். ஒரு வேலையை ஒழுங்காகச் செய்து காட்டிவிட்டு மற்றதைக் கைகழுவுகிறவனை எப்படிப் பிடிப்பது?

அப்புறம் ஆரம்பித்தது. போன் செய்தால், "தேதி வரும்ணே, வந்தா நானே கூப்பிடுவேன்." மறுபடி கேட்டால் ஆபீசர் மாற்றலாகிவிட்டார். அதற்கப்புறம் எல்லாரும் எலக்‌ஷன் வேலைக்குப் போய்விட்டார்கள். பிறகு சர்வர். மனு காகிதத்தில் கொடுத்தது, அதற்கும் சர்வருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டதற்கு, "உள்ள எல்லாம் ஆன்லைன்தாண்ணே" என்று சிரித்தார். ஒரு தடவை நேரில் போனேன். "ஹியரிங்னா கோர்ட் மாதிரி கிடையாதுண்ணே, பேப்பர்லயே முடிச்சுடுவாங்க" என்று சொல்லி அனுப்பினார். வாட்ஸாப்பில் நீல டிக் விழும், பதில் வராது.

இன்னொரு கூத்து. வரியைக் கட்டலாமா என்று அம்மா கேட்டதற்கு, "கட்டாதீங்கம்மா, கட்டினா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்" என்றார். அரையாண்டு தொடங்கிய முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. அது போனது. கட்டாமல் விட்டதற்கு மாதம் 1 சதவீதம் வட்டி தனியாக ஏறிக்கொண்டிருக்கிறது.

நிலுவை கேட்டு வீட்டுக்கு ஆள் வந்ததும் இன்று லீவு போட்டுவிட்டு நானே அலுவலகம் போனேன். அங்கே இருந்த பெண் ஊழியர் பொறுமையாக ஃபைலைத் தேடி எடுத்துக் காட்டினார். "மேல்முறையீட்டாளர் ஆஜராகாததால் தள்ளுபடி." விசாரணைக்கு நாள் குறித்து, வரவில்லை என்றதும் மறுபடி ஒரு நாள் கொடுத்து, இரண்டு தடவையும் தபால் போயிருக்கிறது. எந்த முகவரிக்கு? மனுவில் "தொடர்புக்கு" என்ற இடத்தில் அந்தக் கடை முகவரி. போன் நம்பரும் அவருடையதே. எங்கள் வீட்டுக்கு ஒரு காகிதமும் வராததற்குக் காரணம் இதுதான். எங்கள் வழக்கின் தேதி அவர் மேசையில் கிடந்திருக்கிறது, நாங்கள் இங்கே அவருக்கு போன் போட்டுக்கொண்டிருந்தோம்.

அங்கிருந்து நேராகக் கடைக்குப் போனேன். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "நோட்டீஸ் வந்துச்சா? கடைப்பையன் வாங்கி வெச்சிருப்பான், என்கிட்ட சொல்லல." சரி, பணத்தைக் கொடு என்றேன். "ஃபைல் பண்ணித் தரத்தானே வாங்கினேன், ஜெயிச்சுத் தரேன்னா சொன்னேன்?" என்கிறார். போர்டைக் காட்டினேன், அதில் "முழுப் பொறுப்பு" என்று இருக்கிறதே என்றேன். "அது பொதுவாப் போட்டதுண்ணே." கடைசியாக ஒன்று சொன்னார் பாருங்கள், அதில்தான் எனக்கு ரத்தம் கொதித்தது. "வேணும்னா மறுபடி திறக்க மனு போடலாம், 6,000 ஆகும்." 14,500 ரூபாயை விழுங்கிவிட்டு மேலே 6,000!

சாயந்திரம் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் மனு நகலைக் காட்டினேன். முதல் பக்கத்தைப் பார்த்ததுமே நிறுத்திவிட்டார். 1919ஆம் வருடத்துச் சென்னை மாநகராட்சிச் சட்டத்தின் பிரிவைப் போட்டிருக்கிறார்கள். 2023 ஏப்ரலிலிருந்து தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் அதன் புதிய விதிகளும்தான். எவனோ எப்போதோ அடித்து வைத்த மனுவில் பெயரையும் கதவு எண்ணையும் மாற்றியிருக்கிறார்கள், அதற்கு 14,500. தாமதத்தை மன்னிக்கக் கோரி, தள்ளுபடியை ரத்து செய்யச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம், ஆனால் நோட்டீஸ் கையில் கிடைக்கவில்லை என்பதைக் காட்ட வேண்டும் என்கிறார் வக்கீல். அந்தத் தபாலை வாங்கிக் கையெழுத்துப் போட்டது யார் என்று தெரிய வேண்டும். அதற்காகத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஃபைல் நகல் கேட்டு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி மனு எழுதி வைத்திருக்கிறேன்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். யார் எழுதிக் கொடுத்தாலும் மனுவில் தொடர்பு முகவரியும் போன் நம்பரும் உங்களுடையதாக இருக்கட்டும். கையெழுத்துப் போடும் முன்பு முதலில் அதைப் பாருங்கள். மனு போய்ச் சேர்ந்த முத்திரையோடு நின்றுவிடாதீர்கள், விசாரணைத் தேதியை அலுவலகத்திலேயே கேளுங்கள். தகவல் உரிமை மனுவுக்கு 30 நாளில் பதில் வரவில்லை என்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதிலும் ஆகாவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். இந்தக் கெடுவையாவது காலண்டரில் குறித்து வையுங்கள். வரியைக் கட்டாதே என்று எவன் சொன்னாலும் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள், கொடுக்க மாட்டான்.

கடைக்காரர் மேல் வடசென்னை நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கப் போகிறேன். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் கொடுத்தால் போதும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டுப் போகச் சொல்கிறார்கள், காலையில் செய்துவிடுவேன். ஜிபே ஸ்கிரீன்ஷாட், வாட்ஸாப் பேச்சு, அந்த போர்டின் போட்டோ எல்லாம் இருக்கிறது. அந்தத் தடியான ஃபைலில் இருக்கிற "நம்ம ஏரியா கேஸ்" யாராவது இதைப் படித்தால், உங்கள் மனுவில் யார் நம்பர் இருக்கிறது என்று பார்த்துவிட்டு எனக்குச் செய்தி அனுப்புங்கள். சேர்ந்தே கொடுப்போம்.